குவேக்கர் சவக்காலைக்கு நான் போட்ட பச்சை நிறம்

1

எங்கள் நகரம் தன் பிறந்தநாளைக் கொண்டாடப் போகிறது. எத்தனையாவது பிறந்தநாள் என்பதில் நகரசபைக்குள்ளேயே இரண்டு கட்சி. கொண்டாடுவதில் மட்டும் ஒரே கட்சி. பித்தளை வாத்தியம், பீர், மேயரின் பேச்சு எல்லாம் உண்டு. அவற்றோடு ஒரு விழா மலரும் போடுகிறார்கள். அந்த மலரில் எங்கள் நகரத்தின் சகிப்புத்தன்மை பற்றி ஆறு பக்கத்தில் ஒரு கட்டுரை வருகிறது. ஆறு பக்கத்துக்கு இவர்களிடம் எங்கே சகிப்புத்தன்மை கிடைத்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் இங்கே நில அளவைக் கந்தோரில் படவரைஞர். போன செவ்வாய்க்கிழமை கலாசாரப் பகுதியில் இருந்து ஒரு பெண்மணி வந்து கட்டுரையை என் மேசையில் வைத்தார்.

"இதற்கு ஒரு சின்னப் படம் வேண்டும். பழைய குவேக்கர் சவக்காலை எங்கே இருந்தது என்று புள்ளிக்கோட்டால் காட்டினால் போதும். பார்க்க அழகாக இருக்க வேண்டும்."

கட்டுரையின் கடைசி வரியைப் படித்தேன். அந்த அமைதியான மனிதர்கள் இன்றும் நமது மண்ணில் அமைதியாக உறங்குகிறார்கள் என்று எழுதியிருந்தது. உறங்குவது உண்மை. அவர்களுடைய நெஞ்சின் மேல் ஒரு பெரிய கடைக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன என்பதை எழுத இடம் போதவில்லை போலும்.

அன்று பின்னேரம் மகளிடம் இதைச் சொன்னேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.

"நாங்களும் அங்கேதானே கார் விடுகிறோம், அப்பா? வேறே எங்கே விடுவதாம்?" என்றாள்.

உண்மைதான். சனிக்கிழமைகளில் நானும் அங்கேதான் காரை விடுகிறேன். ஆனால் வலதுபக்கம் மூன்றாவது வரிசையில் மட்டும் விடுவதில்லை. அது ஏன் என்று அவளுக்குச் சொன்னதில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லலாம் என்று இருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிறவன் எல்லாம் பெரிய ஆள் என்று அங்கே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்த நினைப்புக்கும் இது கொஞ்சம் மருந்தாக இருக்கட்டும்.

2

குவேக்கர்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் பாதிரியார் கிடையாது, ஞானஸ்நானம் கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு அறையில் கூடி வாய் திறக்காமல் இருப்பார்கள். யாருக்காவது உள்ளே இருந்து ஏதாவது வந்தால் எழும்பிச் சொல்லலாம். வராவிட்டால் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டுக் கைகுலுக்கி வீட்டுக்குப் போவார்கள். சத்தியம் செய்ய மாட்டார்கள், போருக்குப் போக மாட்டார்கள், எந்தப் பெரியவனுக்கும் தொப்பி கழற்ற மாட்டார்கள். தொப்பி கழற்றாதவனை இந்த நாட்டில் எப்படி நடத்தியிருப்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இந்த நகரத்துக்கு அவர்கள் வந்து இருநூறு வருடத்துக்குக் கிட்ட இருக்கும். நாலைந்து நெசவுக் குடும்பங்கள். ஞானஸ்நானம் இல்லாத பிணத்துக்குத் தேவாலயத்துச் சவக்காலையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கொடுத்தால் குற்றவாளிகளைப் புதைக்கிற மூலையைத்தான் கொடுப்போம் என்றார்கள். அப்போது ஒரு நெசவாளர் தன் ஆப்பிள் தோட்டத்தின் கடைசித் துண்டைச் சவக்காலைக்கு என்று எழுதிக் கொடுத்தார். சுற்றி ஒரு கல்மதில் கட்டினார்கள். அந்த மதிலுக்கும் நகரசபை வழக்குப் போட்டது. அந்தக் கடதாசிகளை எங்கள் கந்தோர்ப் பெட்டகத்தில் நான் வாசித்திருக்கிறேன். விழா மலர் எழுதினவர் அந்தப் பெட்டகத்தின் பக்கமே வரவில்லை.

அவர்கள் புதைக்கிற முறையும் வேறு. குடும்பக் கல்லறை இல்லை. செத்த வரிசைப்படி ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவர். கணவன் ஒரு வரிசையில் இருப்பான், மனைவி இருபது வருடம் கழித்து வேறொரு வரிசையில் கிடப்பாள். தொடக்கத்தில் கல்லே வைக்கவில்லை. பிறகு வைத்ததும் கையகலக் கல், நிலத்தோடு நிலமாக, பெயர் இல்லாமல். செத்த பிறகும் ஒருவன் மற்றவனைவிட உயரமாக நிற்கக்கூடாது என்பது அவர்களுடைய எண்ணம்.

பிறகு பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். மிச்சம் இருந்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். முதலாம் உலகப் போர் முடிந்து இந்த நாடே பசியில் கிடந்தபோது வெளிநாட்டுக் குவேக்கர்கள் வந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். பிறகு எங்கள் கந்தோருக்குத் தலைவராக இருந்த பிரிங்க்மன் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர். கொக்கோவின் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது என்று கண்கலங்கச் சொல்வார். அவர் கண்கலங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

3

அறுபதுகளின் நடுவில் இந்த நகரத்தில் தமிழர் என்று இருந்தது நானும் குணமும்தான். குணரத்தினம் இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பயிற்சிக்கு வந்தவன். இருபத்துமூன்று வயது. லீனா அம்மையாரின் வீட்டில் மேல்மாடி அறையில் இருந்தான். லீனா அம்மையார் ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்த ஊரின் கடைசி மூன்று குவேக்கர்களில் ஒருவர். மற்ற இருவரும் கிழவிகள். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் குசினியில் அடுப்பைச் சுற்றிக் கூடி வாய் திறக்காமல் இருப்பார்கள். குணமும் சில நாள் அவர்களோடு போய் இருப்பான்.

"அண்ணை, ஒரு மணித்தியாலம் ஆரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. இந்த நாட்டிலை வேறை எங்கை அப்பிடிக் கிடைக்கும்?" என்றான் ஒருநாள்.

ஒரு மாசி மாதத்தில் அவனுடைய மோட்டார் சைக்கிள் பனிக்கட்டியில் வழுக்கியது. ஆசுபத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். பிறகு போய்விட்டான்.

பிணத்தை ஊருக்கு அனுப்புவது அந்தக் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். எரிக்கலாம் என்றால், எரிக்கச் சம்மதம் என்று உறவினர் அத்தாட்சியோடு எழுதித் தரவேண்டும். அது யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, மொழிபெயர்த்து, முத்திரை குத்தி முடிய எத்தனை கிழமையாகும் என்று கேட்டேன். அதிகாரி தோளைக் குலுக்கினார். தோள் குலுக்குவதற்கு இங்கே தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தேவாலயத்துப் பாதிரியார் ஞானஸ்நானச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், குப்பை உரம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் காட்டினார். இருநூறு வருடத்தில் அந்தத் தேவாலயம் ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்கு முன்னேறியிருந்தது.

என்னோடு நடந்து வந்திருந்த லீனா அம்மையார் பாதிரியாரைப் பார்த்து, "நன்றி, தேவையில்லை" என்றார். வெளியே வந்து என்னிடம், "எங்கள் வரிசையில் அடுத்த இடம் அவனுக்கு" என்றார்.

அவ்வளவுதான். இந்த நாட்டில் நான் கண்ட மிகக் குறுகிய நிர்வாக நடவடிக்கை அது.

4

அடக்கத்துக்கு ஸ்டுட்கார்ட்டில் இருந்து மகாலிங்கம் அண்ணை வந்தார். ஒன்பது பேரை வைத்து ஒரு தமிழர் சங்கம் தொடங்கி, அதற்குத் தலைவரும் செயலாளரும் தானே ஆனவர். கறுப்புக் கோட்டும் கையில் எழுதிய பேச்சுமாக வந்து இறங்கினார். மூன்று கிழவிகளும் பனியில் வாய் திறக்காமல் நின்றார்கள். அரை மணித்தியாலம் போயும் ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன ஐசே இது? ஒரு மந்திரமில்லை, ஒரு பாட்டில்லை. நாயைப் புதைக்கிற மாதிரியெல்லோ புதைக்கினம்!" என்று என் காதில் சீறினார்.

உள்ளே இருந்து வந்தால் அங்கே யாரும் பேசலாம், பாடினாலும் தடுக்க மாட்டார்கள், அது அவர்களுடைய முறை என்று நான் அவருக்குச் சொன்னேன். உடனே தேவாரம் பாடத் தொண்டையைச் செருமினார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. சைவத்தையும் தமிழையும் காப்பாற்றச் சங்கம் வைத்தவர் ஒரு வரியோடு நின்றார். கிழவிகள் அதையும் மரியாதையோடு கேட்டார்கள்.

அடுத்து கல் பிரச்சினை. பெயர் இல்லாமல் குணத்தைக் கிடத்த முடியாது என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. நான் தமிழ் எழுத்துகளை அளவெடுத்து வரைந்து கொடுத்தேன், கல்வெட்டுகிறவன் அதைப் பார்த்து வெட்டினான். முழங்கால் உயரக் கல். அதைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது லீனா அம்மையார் மதில் வாசல் படலையிலே மறித்தார்.

"நல்ல எழுத்து. ஆனால் இங்கே வைக்க முடியாது. என் தாய்க்கும் நான் வைக்கவில்லை."

மகாலிங்கம் அண்ணை துள்ளிக் குதித்தார். இது இனத்துவேஷம் என்றார். எனக்கும் அன்று கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்தக் கல் இப்போது என் வீட்டு நிலவறையில், சலவை இயந்திரத்தின் கீழே கிடக்கிறது. இயந்திரம் ஆடாமல் இருக்கிறது.

இரண்டு மாரிகாலத்துக்குள் மூன்று கிழவிகளும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். லீனா அம்மையார் கடைசி. குணத்துக்குப் பக்கத்தில் ஒருவர், அடுத்தவர், பிறகு அவர். வரிசை அவரோடு முடிந்தது.

5

இனி என் பங்கு.

புதிய நகர வரைபடம் போடுகிற வேலை எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. பழைய தாளில் அந்தத் துண்டு நிலத்தில் சின்னச் சின்னச் சிலுவைகளும், குவேக்கர் சவக்காலை என்று சரிந்த எழுத்தும் இருக்கும். வெளியே அளக்கப்போன ஆட்கள் ஒரு குறிப்போடு திரும்பி வந்தார்கள். மதில் பாதி விழுந்திருக்கிறது, உள்ளே புல், கற்கள் தென்படவில்லை. முழங்கால் உயரப் புல்லில் கையகலக் கல் எப்படித் தென்படும்? குனிந்து பார்த்திருக்க வேண்டும். குனிய அவர்களுக்குச் சம்பளம் இல்லை.

பிரிங்க்மன் என்னைக் கூப்பிட்டார்.

"இதைப் புல்வெளி என்று போடுங்கள். பச்சை நிறம்."

"அங்கே ஆட்கள் புதைந்திருக்கிறார்கள்," என்றேன்.

"கல் இருக்கிறதா?"

"புல்லுக்குள்ளே இருக்கிறது. சிலதுக்கு இல்லை. அது அவர்களுடைய முறை."

"பெயர்?"

"பெயர் எழுத மாட்டார்கள்."

"உரிமையாளர்?"

"கடைசி ஆள் இறந்துவிட்டார்."

அவர் கைகளை விரித்தார். பெயர் இல்லை, கல் இல்லை, ஆள் இல்லை, பிறகு எந்தச் சவக்காலையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். கத்தவில்லை. இங்கே யாரும் கத்துவதில்லை. பிறகு மேசையில் கிடந்த ஒரு கோப்பின் மேல் விரலால் தட்டினார். என்னுடைய நிரந்தர நியமனத்துக்கான விண்ணப்பம் அதற்குள் இருந்தது. அதுவரைக்கும் வருடா வருடம் வேலை ஒப்பந்தம், அதைக் காட்டினால்தான் வருடா வருடம் வதிவிட அனுமதி. வயிற்றில் பிள்ளையோடு மனைவி வந்து சேர்ந்து, அந்தப் பிள்ளையும் நடக்கத் தொடங்கி வருடங்கள் ஆகியிருந்தன. அவர் மிரட்டினார் என்று சொல்ல முடியாது. விரலால் தட்டினார், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த காலத்தில் அளவைச் சங்கிலியோடு ஒரு ஒழுங்கைக்குள் போனால் பாதி ஊர் வேலியடிக்கு வந்துவிடும். ஒரு வேலிக் கதியால் அரைச் சாண் தள்ளி நட்டுக் கிடந்தால் அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போவார்கள், பேரப்பிள்ளை காலம் வரைக்கும் முகம் பார்க்க மாட்டார்கள். அந்த அரைச் சாணுக்கு என் சொந்த மாமன் இருபது வருடம் வழக்காடினார். அப்படிப்பட்ட சனத்தில் பிறந்த நான், ஒரு முழுச் சவக்காலையை, அதுவும் எங்களுடைய பொடியன் கிடக்கிற நிலத்தை, வாய் திறக்காமல் தூக்கிக் கொடுத்தேன். குவேக்கர்களும் வாய் திறக்க மாட்டார்கள்தான், ஆனால் அவர்கள் வாயை மூடினது வேறு காரணத்துக்கு.

பச்சை மையைக் கலந்து, மெல்லிய தூரிகையால், விளிம்பு பிசகாமல் பூசினேன். கீழ்மூலையில் வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயரின் இரண்டு எழுத்துகளைப் போட்டேன். பிரிங்க்மன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "சுத்தமான வேலை" என்றார். அடுத்த மாதம் நிரந்தர நியமனம் வந்தது.

அடுத்த வருடம் அந்தப் புல்வெளியை நகரசபை ஒரு கடைக்குக் கொடுத்தது. ஆப்பிள் மரங்களை வெட்டி, மேல்மண்ணை ஒரு அடி வழித்து, சரளை போட்டு, தார் ஊற்றினார்கள். ஒரு அடிதான் வழித்தார்கள், கீழே ஒன்றையும் தொடவில்லை. இது எனக்குத் திட்டவட்டமாகத் தெரியும், அந்த வெட்டுமுகப் படத்தையும் நான்தான் கீறினேன்.

6

குணத்தின் அக்கா பரமேஸ்வரி ரீச்சரிடம் இருந்து கடிதம் வந்தபோது தார் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பூமிசாஸ்திரம் படிப்பிக்கிறவர். லண்டனில் இருக்கிற மகனிடம் வந்திருக்கிறாராம். தம்பி கிடக்கிற இடத்தை ஒருக்கால் பார்க்காமல் திரும்பிப் போகமாட்டேன், நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டும் என்று எழுதியிருந்தார். தாய் சாகும்வரை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாவாம்.

 முதலில் ஒழுங்கான வெளிநாட்டவன் செய்கிற காரியத்தைச் செய்தேன். அன்ராக் போட்டேன். இங்கே விண்ணப்பத்துக்கு அதுதான் பெயர், அது இல்லாமல் மழைகூடப் பெய்யாது. கார் தரிப்பிடத்தின் ஓரத்தில், இங்கே சவக்காலை இருந்தது என்று ஒரு சின்னப் பலகை வைக்க அனுமதி கேட்டு மூன்று பிரதிகள் அனுப்பினேன்.

ஆறு கிழமையில் பதில் வந்தது. குறிப்பிட்ட நிலத்தில் சவக்காலை எதுவும் இருந்ததற்கு நடைமுறையில் உள்ள வரைபடத்தில் ஆதாரம் இல்லை, நிலம் புல்வெளியாகவே பதிவாகியுள்ளது, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, ஆதாரம் இணைப்பில். இணைப்பை விரித்தேன். என்னுடைய பச்சை. கீழ்மூலையில் என்னுடைய இரண்டு எழுத்துகள். அந்த எழுத்துகள் யாருடையவை என்று பதில் எழுதினவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் இணைத்திருப்பார்.

மகாலிங்கம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவரிடம் எதற்கும் ஒரு தீர்வு இருக்கும்.

"நீர் ஏன் ஐசே மண்டையைப் போட்டு உடைக்கிறீர்? உந்தத் தேவாலயத்துப் பெரிய சவக்காலையிலை நல்ல பூக்கண்டு உள்ள குழியாப் பாத்து ஒண்டைக் காட்டிவிடும். மனுசி அழுதுபோட்டுப் போகட்டும். ஜேர்மன் தெரியாதுதானே?"

"அண்ணை, அவ ரீச்சர். கல்லிலை இருக்கிற பேரை வாசிப்பா."

"அப்ப கல்லில்லாத குழியாக் காட்டும்."

சீ என்று வந்தது. ஆனால் போனை வைத்த பிறகு அதைப் பற்றித்தான் யோசித்தேன். இங்கே கல்லில்லாத குழிக்குக் குறைவில்லை. இந்த நாட்டில் பிணமும் வாடகைக்குத்தான் இருக்கிறது. இருபத்தைந்து, முப்பது வருடம் முடிந்து உறவினர் நீடிக்காவிட்டால் கல்லைப் பிடுங்கி, மண்ணைக் கிளறிச் சமப்படுத்தி, அடுத்த ஆளுக்கு வைத்திருப்பார்கள். அப்படி ஒன்றை ஒரு வெள்ளிக்கிழமை போய்த் தெரிவு செய்தேன். கடையில் இரண்டு பூக்கன்று வாங்கி நட்டு, தண்ணீரும் ஊற்றினேன்.

7

பரமேஸ்வரி அக்கா சனிக்கிழமை காலை ரெயிலில் வந்தார். மெலிந்த, நிமிர்ந்த மனுசி. கைத்தறிச் சேலைக்கு மேலே மகனுடைய பெரிய கம்பளிக் கோட்டு. வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றேன்.

"வேண்டாம் தம்பி. முதல்லை அவனைப் பாப்பம்."

பெரிய சவக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் இரண்டு பூக்கன்றுகளும் அங்கே வெட்கம் இல்லாமல் பூத்துக்கொண்டு நின்றன. இதுதான் என்றேன். அக்கா குனிந்து மண்ணைத் தொடப் போனார். கை பாதியில் நின்றது. நிமிர்ந்து நாலுபக்கமும் பார்த்தார். பிறகு கைப்பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். ஆங்கிலத்தில் எழுதிய லீனா அம்மையாரின் கடிதம். அவர் ஊருக்கு எழுதியிருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"தம்பி, அந்த அம்மா மதில் எண்டு எழுதியிருக்கிறா. மதிலுக்குப் பின்னாலை ரெயில் பாதை. இஞ்சை ரெயில் பாதையைக் காணேல்லையே?"

கடிதத்தின் கீழே பென்சிலால் ஒரு படம். மதிலுக்கு ஒரு கோடு, ரெயில் பாதைக்கு இரண்டு கோடு, மரங்களுக்கு வட்டங்கள். மதில் மூலையில் இருந்து இத்தனை அடி என்று எழுதி ஒரு சின்னப் புள்ளி. அளவுத்திட்டம் இல்லை, வடக்கு எங்கே என்று குறிக்கவில்லை. என் கந்தோரில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் கிழித்துப் போடுவோம். ஆனால் அந்த இடத்துக்கு இருந்த ஒரே சரியான வரைபடம் அதுதான்.

"இது அவன்ரை இடமில்லை, என்ன?" என்றார் அக்கா.

"இல்லை அக்கா."

"பிறகேன் இஞ்சை கூட்டியந்தனீங்கள்?"

சொன்னேன். தார் போட்டதைச் சொன்னேன். வரைபடத்தைச் சொன்னேன். கீறினது நான் என்பதையும் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்கள் கீறாட்டி வேறை ஆரும் கீறியிருப்பினம் எண்டு சொல்லப் போறியள்."

"ஓம், அதைத்தான் சொல்ல நினைச்சனான்."

"சொல்லாதேங்கோ."

அங்கே இருந்து கார் தரிப்பிடம் பத்து நிமிட நடை.  சனிக்கிழமை பத்து மணி, மத்தியானம் கடை மூடமுன் சாமான் வாங்க நகரமே அங்கே வந்து நின்றது. மதிலில் ஒரு மூலை மட்டும் மிச்சம் இருந்தது. கந்தோர் அளவுநாடா என் கோட்டுப் பையில் இருந்தது, அதை ஏன் காலையில் எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. கடிதத்தில் இருந்த அடிக்கணக்கை மீற்றருக்கு மாற்றி, மூலையில் இருந்து நீட்டி, கார்களுக்கு நடுவே குனிந்து குனிந்து அளந்தேன். சாமான் தள்ளுவண்டிகளோடு போனவர்கள் விலகிப் போனார்கள். நாடா பிடித்தவனை இங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வலதுபக்கம், மூன்றாவது வரிசை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

"இதுக்குக் கீழையோ?"

"ஓம் அக்கா. ஒரு முழம் முன்னப் பின்ன இருக்கும்."

"அந்த அம்மா?"

"மூண்டு குழி தள்ளி. அந்த நீலக் காருக்குக் கீழை."

அக்கா காரின் பக்கத்தில் நின்றார். நான் நாடாவைச் சுருட்டினேன். முக்கால் மணித்தியாலம் அப்படியே நின்றோம். கடைசியில் ஒரு ஆள் வந்து பெட்டிகளைப் பின்னால் ஏற்றி, எங்களைப் பார்த்துத் தலையாட்டி, வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு போனார். கீழே எண்ணெய்க் கறை படிந்த ஒரு நீள்சதுரம் மிஞ்சியது.

அக்கா செருப்பைக் கழற்றினார். அந்தக் குளிரில் வெறுங்காலோடு தரிப்பிடக் கோட்டைத் தாண்டி உள்ளே போய், தாரில் குந்தி, உள்ளங்கையை விரித்து நிலத்தில் வைத்தார். வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. தம்பியோடு கதைத்தார் என்று நினைக்கிறேன். பத்து வருடம் காத்திருந்த மனுசிக்கு எவ்வளவு கதைக்க இருந்திருக்கும்!

அப்போது பின்னால் ஒரு கார் வந்து நின்றது. வாகனம் ஓட்டினவர் ஒரு வயதான ஆள். கோபக்காரர் இல்லை. இடம் காலியாக இருக்கிறது, ஒரு பெண் அதில் குந்தியிருக்கிறார், அவருக்கு விளங்கவில்லை. காத்திருந்தார். பிறகு கோர்னை ஒருமுறை, மெதுவாக, மரியாதையாக அடித்தார்.

காத்திருக்கட்டும் என்று நான் விட்டிருக்கலாம். இங்கே என் தம்பி மாதிரி ஒருவன் கிடக்கிறான் என்று அந்த மனிதரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஜேர்மன் நன்றாக வரும், சொன்னால் அவர் இறங்கித் தொப்பியைக் கழற்றியிருக்கவும் கூடும்.

நான் ஓடிப்போய் அக்காவின் முழங்கையைப் பிடித்தேன்.

"அக்கா, எழும்புங்கோ, கார் வருது."

அவர் எழும்பவில்லை. நான் தூக்கினேன். மெலிந்த மனுசி, தூக்குவது கஷ்டமாக இருக்கவில்லை. ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அந்த மனிதருக்குக் கையைக் காட்டி, வாருங்கள், தாராளமாக வாருங்கள் என்று சிரித்தேன். அவர் நன்றி சொல்லி, சரியாகக் கோடுகளுக்கு நடுவே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அக்காவின் செருப்பு ஒன்று அந்தக் காரின் முன்சில்லுக்குக் கீழே அகப்பட்டுவிட்டது. மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், ரெயில் ஸ்ரேசன் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.